ஆதிலா நஸரி, வரவில்லை

ஆதிலா செத்த பிறகும் மூன்று வியாழக்கிழமைகள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

துருக்கியின் கராவிரானில் வியாழன் ஆப்கானியர்களின் கையெழுத்து நாள். குடியேற்ற அலுவலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் நிற்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஜவ்தெத் ஒவ்வொரு பெயராகப் படிப்பார். பெயருக்கு உரியவர் போய்த் தன் வரிக்கு நேராகக் கையெழுத்துப் போட வேண்டும். ஓடிப் போகவில்லை, இந்த ஊரில்தான் இருக்கிறேன், முடிவுக்குக் காத்திருக்கிறேன் என்று அதற்குப் பொருள். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் அடைக்கல மனுவைத் தானே கைவிட்டதாகக் கணக்கு.

முதல் வியாழன், அவள் இறந்த மூன்றாம் நாள்.

"ஆதிலா நஸரி."

"செத்துட்டா சார்" என்றான் அவள் கணவன் எஸ்மத்.

ஜவ்தெத் நிமிரவில்லை. "பேப்பர் இருக்கா?"

"இன்னும் வரல."

"வந்ததும் கொண்டா." தாளில் எழுதினார்: வரவில்லை.

இரண்டாம் வியாழன் பேப்பர் வந்திருந்தது. அங்காராவிலிருந்து குர்பான் சித்தப்பா பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய பழுப்பு உறை. எஸ்மத் அதைப் பிரிக்கவில்லை. இரண்டு நாள் அடுப்பு மேடையில் கிடந்தது. அவள் செத்துவிட்டாள் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பிரிக்காமலே கொண்டுபோய் நீட்டினான்.

"தட்டுல வை" என்றார் ஜவ்தெத். வரவில்லை.

மூன்றாம் வியாழன், "பேப்பர் குடுத்துட்டேனே சார்" என்றான்.

"மேல போவும். பாப்பாங்க." வரவில்லை.

நான்காம் வியாழன் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. அவன் பெயரையும் கூப்பிடவில்லை. பட்டியல் முடிந்ததும் தடுப்பின் இடுக்கு வழியாக ஒரு தாள் வந்தது. முதன்மை மனுதாரர் ஆதிலா நஸரி தொடர்ந்து மூன்று முறை கையெழுத்திடத் தவறியதால், அவருடைய மனுவும் அவரைச் சார்ந்த கணவர், மகள் ஆகியோரின் மனுக்களும் கைவிடப்பட்டதாகக் கருதப்படுகின்றன. மறுப்பு இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம். இல்லையேல் நாட்டிற்குத் திருப்பி அனுப்பும் நடவடிக்கை தொடங்கும்.

எஸ்மத் இரண்டு முறை படித்தான். மூன்று வருடத்தில் துருக்கி மொழி நன்றாகவே படிக்க வந்திருந்தது. காபூலில் கட்டடப் பொறியியல் படித்தவன். இங்கே ஒரு கடலைப் பட்டறையில் கொண்டைக்கடலை வறுக்கிறான், பதிவில்லாமல். காத்திருப்பவன் அனுமதியில்லாமல் வேலை செய்யக் கூடாது. சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் கடலைவாசம் போகாது. ஜவ்தெத்தின் மேசையில் ஒரு காகிதப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. எந்தப் பட்டறைச் சரக்கு என்று பார்த்தவுடனே தெரிந்தது. போன வாரம் அவன் வறுத்தது.

"செத்தவ எப்படி சார் வருவா?"

"பேப்பர் குடுக்கணும்."

"குடுத்தேன். இந்தத் தட்டுலதான் வச்சேன். அதோ, அடியில இருக்கு."

பழுப்பு உறை அங்கேயேதான் இருந்தது. ஜவ்தெத் அதை உருவி, விரலால் கிழித்து, தாளை விரித்தார். ஒரு கடலையை வாயில் போட்டு மென்றார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார்.

"யாரு இது, ஃபாத்திமா?"

"எந்த ஃபாத்திமா?"

"இதுல செத்தது ஃபாத்திமா. கணவர் பேரு எஸ்மத். தம்பி, உனக்கு எத்தன பொண்டாட்டி?"

வரிசையில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். ஜவ்தெத் தாளைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். ஃபாத்திமா. ஆப்கானியப் பெண். வயது சுமார் முப்பது. அடையாள அட்டை இல்லை. தகவல் தந்தவர் குர்பான் அலி, கணவரின் சித்தப்பா. கீழே சித்தப்பாவின் கோணல் கையெழுத்து.

எஸ்மத்துக்கு உடனே புரிந்துவிட்டது. கூடத்தில் இருந்த எல்லா ஆண்களுக்கும் புரிந்திருக்கும். ஜவ்தெத்துக்கு மட்டும் புரியாது. அவருக்கு எப்படி விளக்குவது? எங்கள் ஊரில் மனைவியின் பெயரை வேற்று ஆண் காதில் போடமாட்டோம். கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் இருக்காது, இன்னாரின் மகள் என்றிருக்கும். மருந்துச் சீட்டில் பெயர் எழுத வேண்டுமென்றால் டாக்டரிடம் வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டு வரும் ஆட்கள் உண்டு. விடாமல் கேட்டால் ஃபாத்திமா. நபிகளின் மகள் பெயர், யாரும் குறை சொல்ல முடியாத பெயர். அதற்குப் பின்னால் எவளை வேண்டுமானாலும் நிற்க வைத்துவிடலாம்.

"அது என் மனைவிதான் சார். சித்தப்பா பேரை மாத்திச் சொல்லிட்டார்."

"ஏன்?"

"வெக்கப்பட்டு."

"செத்த பொம்பள பேரச் சொல்ல என்ன வெக்கம்?" ஜவ்தெத் நாற்காலியில் சாய்ந்தார். "தம்பி, நானும் எத்தனையோ கதை கேட்டுட்டேன். எவளோ செத்த பேப்பர வாங்கிட்டு வருவீங்க. உன் பொண்டாட்டி இந்நேரம் கிரீஸ்ல கடலப் பாத்துக்கிட்டு காப்பி குடிச்சிட்டிருப்பா. பின்னாடியே நீயும் போவ. சரியா?"

எஸ்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சித்தாரா நின்றிருந்தாள். நான்கு வயது. தெருப் பிள்ளைகளிடம் கற்ற துருக்கி அவளுக்கு அவனைவிட நன்றாக வரும். ஜவ்தெத் குனிந்து அவளைப் பார்த்தார்.

"கண்ணு, அம்மா எங்க?"

"வண்டில போயிட்டா."

"என்ன வண்டி?"

"வெள்ள வண்டி. பெருசு."

"யாரு கூட?"

"ரெண்டு மாமா கூட."

ஜவ்தெத் எஸ்மத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பேனாவை எடுத்தார். எழுத ஆரம்பித்தார்.

"ஆம்புலன்ஸ்!" என்று கத்தினான் எஸ்மத். "அது ஆம்புலன்ஸ்! நீங்க அதையா எழுதறீங்க? நாலு வயசுப் பிள்ள சொன்னதையா எழுதறீங்க?" உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்தான். தடுப்பு முழுவதும் அதிர்ந்தது. பொட்டலம் சரிந்து கடலைகள் உருண்டன. காவலர் ஓடி வருவதற்குள் பின்னாலிருந்து ஜுமாகான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான்.

"டேய், வேணாண்டா. இதையும் எழுதிப்பான். பிள்ள பயப்படுது பாரு. வெளிய வா."

வெளியே வெயிலில் படிக்கட்டில் உட்கார வைத்தான். ஜுமாகான் ஹெராத்காரன், எதையும் கேலி பேசியே கடக்கிறவன். ஜனவரி ஒன்று நெருங்கும்போதெல்லாம் அவன் சொல்லும் ஜோக் ஒன்று உண்டு: பிறந்த தேதி தெரியாத நம் எல்லோருக்கும் அலுவலகம் ஜனவரி ஒன்று என்று எழுதிவிட்டது, ஊருக்கே ஒரு கேக் போதும். இன்று அவன் ஜோக் சொல்லவில்லை.

"பதினஞ்சு நாள் இருக்குடா. சித்தப்பாவ வந்து சொல்லச் சொல்லு."

"அவர் வரமாட்டார்."

"கேட்டுப் பாரு."

*

மூன்று வருடத்துக்கு முன் கராவிரானுக்கு வந்த முதல் நாள் ஆளுக்கொரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். காத்திருப்போரின் உரிமைகளும் கடமைகளும். அவர்கள் மொழியிலேயே அச்சடித்திருந்தது. உரிமைகள் இரண்டு பக்கம். கடமைகள் ஆறு பக்கம். வீட்டில் கம்பளம்கூட விரிக்காத தரையில் உட்கார்ந்து ஆதிலா அதைத் தன் ரேடியோக் குரலில் படித்தாள்.

"வணக்கம். செய்திகள் வாசிப்பது ஆதிலா நஸரி. இன்று முதல் நீங்கள் அனுமதியின்றி மாகாணத்தை விட்டு வெளியேறக் கூடாது. அனுமதியின்றி வேலை செய்யக் கூடாது. தவறான தகவல் தரக் கூடாது. முகவரி மாறினால், குழந்தை பிறந்தால், யாராவது இறந்தால் தெரிவிக்க வேண்டும். மற்ற நேரங்களில் தாராளமாக மூச்சு விடலாம். வானிலை: காத்திருப்பு தொடரும்."

கஜ்னியில் சின்ன வானொலி நிலையம் அது. ஐந்து வருடம், தினமும் மாலை, அவள் தன் பெயரை முழுசாகச் சொல்லித்தான் செய்தியைத் தொடங்கினாள். அதற்காகத்தான் கடிதங்கள் வந்தன. பெயரைச் சொல்வதை நிறுத்து என்று முதலில். பிறகு குரலை நிறுத்து என்று. பிறகு கடிதம் இல்லாமல் ஆட்களே வந்தார்கள். அடைக்கல மனு அவள் பெயரில் இருந்தது அதனால்தான். துரத்தப்பட்டது அவள். எஸ்மத் அவளோடு வந்தவன்.

கையெழுத்து நாளில் மற்றப் பெண்களின் பெயரைக் கூப்பிட்டால் கணவன்தான் "வந்திருக்காங்க" என்பான். பெண் தலைகுனிந்து போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். ஆதிலா மட்டும், "இருக்கேன்!" என்பாள். கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்கும். ஆண்கள் தரையைப் பார்ப்பார்கள். எஸ்மத்தும் பார்த்திருக்கிறான். அவனுக்கு அவளைப் பற்றிப் பெருமைதான். இருந்தாலும் அந்த ஒரு நொடி பார்வை தானாகக் கீழே போகும்.

வயிற்றுவலி ஒரு சனிக்கிழமை வந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குடல் வெடித்திருக்கிறது, அங்காராவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அட்டையைக் கேட்டார்கள். அட்டை அவளிடம் இல்லை. புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அட்டை இல்லாததால் அனுப்புச் சீட்டில் ஆப்கானியப் பெண் என்று மட்டும் எழுதினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர், "கூட ஒருத்தர் ஏறிக்கலாம்" என்றார்.

எஸ்மத் படியில் கால் வைத்தான்.

"வேணாம்" என்றாள் ஆதிலா. உதடு வெளுத்திருந்தது. "அனுமதி இல்லாம ஏறாத. ஃபைல் போயிடும். திங்கக்கிழம வாங்கிட்டு வா. சித்தப்பாவுக்குப் போன் பண்ணு, அவர் அங்கதான இருக்கார்." பிறகு அந்த நிலையிலும் சிரிக்கப் பார்த்தாள். "கடமை, பக்கம் மூணு."

அவன் காலை எடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடும் அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார். செவ்வாய் மதியம் வருவார் என்றார்கள். செவ்வாய் காலை பதினொரு மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அதுவே போதுமாக இருந்தது.

புதன்கிழமை அனுமதித் தாள் தயாராக இருந்தது. பயண நோக்கம்: நோயாளிக்குத் துணை. எஸ்மத், அவள் இறந்துவிட்டாள், அடக்கத்துக்குப் போக வேண்டும் என்றான். மறைத்திருக்கலாம். தவறான தகவல் தரக் கூடாதே. ஜன்னலில் இருந்த பெண் தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"நோயாளி இல்லன்னா துணை எதுக்கு? வேற நோக்கம்னா புதுசா மனு குடுங்க."

சித்தப்பா அன்று மாலையே அடக்கம் செய்தார். வேறென்ன செய்வார்.

*

நான்காம் வியாழன் இரவு சித்தாரா தூங்கவில்லை, அதனால் சமையலறையில் நின்று போனில் பேசினான்.

"என்ன பேரு குடுத்தீங்க சித்தப்பா?"

"எங்க?"

"ஆஸ்பத்திரில."

குர்பான் சித்தப்பா, "அஞ்சு ஆம்பளைங்க நின்னானுங்கடா" என்றார். "ஒருத்தன் பேனாவோட. ஒருத்தன் போன்ல எவகிட்டயோ சிரிச்சிக்கிட்டு. பேரு என்ன, பேரு என்னன்னான். சித்தாராவோட அம்மான்னேன். அது பேரில்லன்னான். எஸ்மத்தோட வீட்டுக்காரின்னேன். பேரச் சொல்லுய்யான்னு மேசையத் தட்டினான். அவ அங்க துணியப் போத்திக் கெடக்கா. அவ பேரத் தூக்கி அவனுங்க நடுவுல போடச் சொல்றியா? ஃபாத்திமான்னேன். அதவிட நல்ல பேரு எது இருக்கு?"

"அவளுக்கு ஒரு பேர் இருந்துச்சு சித்தப்பா."

"எனக்குத் தெரியாதா?"

"ஊரே கேட்ட பேர். அஞ்சு வருஷம் தெனமும் அவளே சொன்ன பேர். அதுக்காகத்தான் ஊரை விட்டே ஓடி வந்தோம். நீங்க அதை ஒரே நிமிஷத்துல அழிச்சுட்டீங்க. அவங்களால முடியல. உங்களால முடிஞ்சுது."

"வாய அடக்கு. நான் அவளுக்குக் குழி தோண்டினவன். நீ எங்கடா இருந்த?"

எஸ்மத் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். சுவர் குளிர்ந்திருந்தது.

"பக்கம் மூணுல இருந்தேன்" என்றான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வியாழக்கிழம ஒன்பது மணிக்கு வந்து, நான் சொன்னது தப்பு, செத்தது இவதான்னு சொல்லுங்க. இல்லன்னா என்னையும் பிள்ளையையும் காபூலுக்கு ஏத்திடுவாங்க."

"பொய் சொன்னேன்னு நானே போய் எழுதிக் குடுக்கணுமா? என் ஃபைல மூடமாட்டானா? எனக்கு ஏழு வருஷம்டா. ஏழு வருஷமாக் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன்."

"சித்தப்பா, அந்தக் குழியில யாரைப் புதைச்சீங்க?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அந்த வாரம் முழுக்க எஸ்மத் கடலை வறுத்தான். மணலும் கடலையும் சூடேறிப் புரளும் சத்தத்தில் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நடுவே வந்து நின்றது. "செத்துட்டா சார்" என்றுதான் அவன் முதல் வியாழன் சொன்னான். மூன்று வருடத்தில் அந்தக் கூடத்தில் ஒரு முறைகூட அவன் வாயிலிருந்து அவள் பெயர் வரவில்லை. வீட்டில், குழந்தையோட அம்மா, இவ. படித்தவன். சித்தப்பாவைத் திட்டியவன். உறையைக்கூடப் பிரிக்காதவன்.

*

ஐந்தாம் வியாழன் பட்டியல் பாதி படித்திருந்தபோது கூடத்தின் கதவு திறந்தது. குர்பான் சித்தப்பா. கோட்டு கசங்கியிருந்தது, கண்கள் சிவந்திருந்தன. தொப்பியைக் கழற்றவில்லை. எஸ்மத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பு. நேராகத் தடுப்புக்குப் போனார்.

"நான் குர்பான் அலி. ஆஸ்பத்திரில நான் குடுத்த பேரு தப்பு."

ஜவ்தெத் பட்டியலிலிருந்து விரலை எடுக்காமலே பார்த்தார். "யாரு நீங்க? வரிசையில வாங்க."

"என் சித்தப்பா சார்" என்று எஸ்மத் முன்னால் வந்தான். "யாரு ஃபாத்திமான்னு கேட்டீங்களே. கையெழுத்துப் போட்டவர் இவர்தான்."

ஜவ்தெத் பெருமூச்சு விட்டார். ஒரு படிவத்தை எடுத்து நேராக வைத்தார். "சரி. தப்பான பேரு ஃபாத்திமா. சரியான பேரு என்ன?"

சித்தப்பா எஸ்மத்தைப் பார்த்தார்.

"அவன் சொல்லக் கூடாது" என்றார் ஜவ்தெத். " நீங்கதான் சொல்லணும். தகவல் குடுத்தவர் வாயிலேர்ந்து வரணும்."

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். நாற்பது ஆண்கள் நின்றிருந்தார்கள். ஹெராத், கஜ்னி, பாமியான். தாடி நரைத்தவர்கள், மீசை முளைக்காதவர்கள்.

ஜுமாகான் பின்னாலிருந்து, "சும்மா சொல்லுங்க பெரியவரே, நாங்க காதப் பொத்திக்கிறோம்" என்றான்.

"யாரும் பொத்த வேண்டாம்" என்றான் எஸ்மத். திரும்பி அவர்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னான். "யாரும் தரையைப் பாக்கவும் வேண்டாம். நிமிந்து கேளுங்க."

ஜுமாகான் சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தான்.

"ஆதிலா" என்றார் சித்தப்பா.

"முழுப் பேரு."

"ஆதிலா நஸரி."

"கேக்கல. கண்ணாடி இருக்கு, சத்தமா."

"ஆதிலா நஸரி!" தொழுகைக்கு அழைக்கும் குரலில் சொன்னார் அவர். கண்ணாடியில் அவர் மூச்சு படிந்தது. "ஆதிலா நஸரி! போதுமாய்யா? இல்ல, இன்னும் சொல்லணுமா?"

ஜவ்தெத் எழுதினார். "படத்தப் பாத்து அடையாளம் சொல்லணும்" என்று இழுப்பறையைத் திறந்து துழாவினார். ஒரு புது அட்டையை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். ஆதிலா. புகைப்படம் எடுத்தவன் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பான். சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய்.

"இவதான்" என்றார் சித்தப்பா.

எஸ்மத் அட்டையை உற்றுப் பார்த்தான். கீழே சின்ன எழுத்தில் தேதி இருந்தது.

"இது எப்ப வந்துச்சு சார்?"

"தேதிதான் போட்டிருக்கே. வெள்ளிக்கிழம."

"சனிக்கிழம காலைல அவளுக்கு வலி வந்துச்சு."

"அதுக்கு?"

"அதுக்கா? முந்தின நாளே அட்டை இங்க வந்துடுச்சு. இது கையில இருந்திருந்தா ஆஸ்பத்திரில யாரும் பேரே கேட்டிருக்கமாட்டாங்க. அட்டையைப் பாத்து எழுதியிருப்பாங்க. உங்க இழுப்பறைல வச்சுக்கிட்டு, அவ ஓடிப் போயிட்டான்னீங்களே. ஒரு தடவ திறந்து பாத்தீங்களா?"

"அட்ட குடுக்கறது வியாழக்கிழம. விதி அப்படி." ஜவ்தெத்தின் குரல் முதன்முறையாகக் கொஞ்சம் தாழ்ந்தது. "நான் என்ன தம்பி பண்றது?"

எஸ்மத் கை ஓங்கவில்லை. ஓங்கினால் எழுதிக்கொள்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கடைவாய்ப் பல் ஒன்று நொறுங்குவது போல வலித்தது.

படிவம் முடிந்தது. சித்தப்பா கையெழுத்துப் போட்டார். ஜவ்தெத் முத்திரையைக் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க அட்ட?"

சித்தப்பா நீட்டினார்.

"அங்காராவுல பதிவு. பயண அனுமதி?"

"இல்ல."

"அனுமதி இல்லாமயா மாகாணம் தாண்டி வந்தீங்க?"

"கேட்டிருந்தா எப்பக் குடுத்திருப்பீங்க? பதினாறாவது நாளா?"

ஜவ்தெத் கீழ்த் தட்டிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். "இத நான் எழுதித்தான் ஆவணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"எழுது" என்றார் சித்தப்பா. "என் பேரையாவது ஒழுங்கா எழுது. குர்பான் அலி."

வெளியே வந்ததும் அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். இரவு முழுக்கத் தக்காளி லாரியில் வந்திருக்கிறார், பெட்டிகளுக்கு நடுவே. பஸ்ஸில் ஏறினால் அட்டை கேட்பார்கள். எஸ்மத் டீ வாங்கிக் கொடுத்தான். ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நேத்து கல்லறைக்குப் போனேன். பலகைல ஃபாத்திமான்னு இருக்கு. ஓத உக்காந்தேன். யாருக்கு ஓதறோம்னு மனசுல பேர நெனைக்கணுமே. நெனச்சா அவ பேரு வருது. கண்ணத் தொறந்தா வேற பேரு இருக்கு. ரெண்டு தடவ ஆரம்பிச்சேன். வரல. எழுந்துட்டேன்."

எஸ்மத்துக்கு மன்னித்துவிட்டதாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வாய் வரவில்லை. மன்னிக்கவும் இல்லை.

"பலகைய மாத்திடறேன்" என்றார் சித்தப்பா.

"நானே மாத்தறேன். எனக்கு என்னிக்கு அனுமதி குடுக்கறாங்களோ அன்னிக்கு."

"அதுக்குள்ள பலகை உளுத்துடும்டா."

"உளுக்கட்டும்."

*

அடுத்த வாரம் கடிதம் வந்தது. கைவிடப்பட்டதாகக் கருதிய உத்தரவு ரத்து. மனு இனி எஸ்மத் ஹைதரியின் பெயரில் தொடரும். முடிவு வரும்வரை கையெழுத்துக் கடமை தொடரும். அதே நாளில் அங்காராவில் சித்தப்பாவுக்கும் ஒரு கடிதம். ஆறு மாதத்துக்குத் தினமும் காலை எட்டு மணிக்குக் கையெழுத்து. தினமும் என்றால் வேலைக்குப் போக முடியாது. போனில் சொல்லிவிட்டு அவரே, "ஏழு வருஷமாப் பழகின கைதானே" என்றார்.

வியாழன் வந்தது.

"எஸ்மத் ஹைதரி."

தடுப்புக்குப் போனான். தாள் புதிதல்ல, பழைய தாள்தான். மாதத்துக்கு ஒரு தாள் என்பது போய் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக்கியிருந்தார்கள். அவன் வரிக்கு மேலே அவள் வரி. அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டுப் பெயரை அடித்திருந்தார்கள். அடித்தாலும் படிக்க முடிந்தது. பக்கத்தில் மூன்று கட்டங்கள். வரவில்லை. வரவில்லை. வரவில்லை.

பேனாவை எடுத்தான். போடவில்லை.

"சார், அந்த மூணையும் மாத்துங்க."

"எதை?"

"வரவில்லைன்னு இருக்கு. வராம இல்ல. செத்துட்டா. மாத்தி எழுதுங்க."

ஜவ்தெத் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "உன் ஃபைல் உயிரோட இருக்கு. உனக்கு வேண்டியது கெடச்சாச்சு. இதுல என்ன லாபம் உனக்கு?"

"தவறான தகவல் தரக் கூடாது. கடமை, பக்கம் நாலு. நான் தந்தா ஃபைல மூடுவீங்க. நீங்க தந்தா?"

"தம்பி, பின்னால நாப்பது பேரு நிக்கறாங்க."

"நிக்கட்டும்."

"நீ கையெழுத்துப் போடலன்னா உனக்கும் வரவில்லைன்னு எழுதணும். தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க. எனக்கு எழுதறதுக்கு முன்னாடி அவளோடதைத் திருத்துங்க."

வரிசை நகரவில்லை. யாரும் முணுமுணுக்கவில்லை. வேலைக்குப் போக வேண்டியவர்கள்தான் எல்லோரும், பதிவில்லாத வேலை, தாமதமானால் கூலி போய்விடும். ஜுமாகான் பின்னாலிருந்து, "இன்னிக்கு என் முதலாளி என்னைத் தொரத்திடுவான்" என்றான். "தொரத்தட்டும். நில்லுடா."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஓடியது. ஜவ்தெத் காவலரைப் பார்த்தார். காவலர் ஜன்னலைப் பார்த்தார். ஜவ்தெத் பேனாவின் மூடியைக் கழற்றினார். முதல் கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு மேலே எழுதினார்: இறந்துவிட்டார். இரண்டாவது. மூன்றாவதில் மை சரியாக வரவில்லை. பேனாவை உதறிவிட்டு மறுபடி எழுதினார்.

"போதுமா?"

"படிங்க."

"என்னது?"

"வாராவாரம் படிச்சீங்களே. ஒரு தடவ சரியாப் படிங்க."

ஜவ்தெத்தின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். எஸ்மத்துக்குப் பின்னால் நின்ற நாற்பது பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆதிலா நஸரி" என்று படித்தார். "இறந்துவிட்டார்."

எஸ்மத் தன் வரியில் கையெழுத்துப் போட்டான். அழுத்தியதில் தாள் கிழிந்தது. சித்தாராவைத் தூக்கிக்கொண்டு, வரிசையைத் தாண்டி, பட்டறைக்கு நடந்தான்.